மிளகுக் கொடி பயிர் செய்தலும் அதன் வாடல் வியாதியும்

நம் தேசத்தின் மிகப் பழமையான வாணிபச் சரக்குகளில் மிளகும் ஒன்றாகும். பழந்தமிழ் நூல்களில் இதற்குக் 'கறி' என்று பெயர். மேற்குக் கடற்கரையிலிருந்த முசிறித் துறைமுகத்திற்கு யவனர் மரக்கலங்களில் பொன்னைக் கொணர்ந்து மிளகை ஏற்றிச் சென்ற செய்தியைச் சங்க நூல்களில் காணலாம். 1498-ஆம் ஆண்டில் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்ததற்கும் இச்சரக்கின்மேல் வைத்த ஆசையே முக்கிய காரணமாகும்.

இக்கொடியின் தாயகம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள். இது வெற்றிலைக்கும் திப்பிலிக்கும் நெருங்கிய இனம். ஆனால் வெற்றிலைக் கொடியைப்போல் மெல்லியதன்று. வயது ஏற ஏற அடித்தண்டு கெட்டிப்பட்டு மரத்தன்மை அடையும். வருஷம் முழுவதும் இலையுதிராமல் பசுமையாகவே இருக்கும். தமிழ்நாட்டில் நீலகிரி ஜில்லாவின் கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளிலும், கன்னியாகுமரி ஜில்லாவிலும், வால்பாறை, கொல்லிமலை, ஏற்காடு, சிறுமலை, கீழ்ப்பழனி மலையிலுள்ள தாண்டிக்குடி முதலிய இடங்களிலும் காப்பியோடும் பாக்கோடும் சேர்த்து இது பயிராகிறது.

ஒரு கொடி மூன்றாம் அல்லது நான்காம் வருஷத்தில் காய்க்கத் தொடங்கி, ஏழெட்டு வருஷத்தில் முழு மகசூலுக்கு வந்து, நன்கு பராமரித்தால் இருபது வருஷத்திற்கு மேலும் பலன் கொடுக்கும். இத்தகைய கொடி ஒரே மழைக்காலத்தில், அதுவும் ஒரு மாதத்திற்குள், அடியோடு பட்டுப்போவதைக் கண்டு மனம் நொந்த குடியானவர் பலர். "பத்து வருஷம் வளர்த்தது பதினைந்து நாளில் ஏன் சாகிறது?" என்பதே நான் போகுமிடமெல்லாம் கேட்கப்படும் கேள்வி. இக்கட்டுரையில் மிளகு சாகுபடி முறை முழுவதையும் சுருக்கமாகக் கூறி, இக்கேள்விக்கு மட்டும் சற்று விரிவாக விடை கூற உத்தேசித்திருக்கிறேன்.

சீதோஷ்ணமும் நிலமும்

மிளகுக்கு வெப்பமும் ஈரக்காற்றும் வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,000 அடி உயரம்வரை இதனை வளர்க்கலாம். வருஷத்தில் 2,000 மில்லிமீட்டர் அளவு மழை பரவலாகப் பெய்யுமிடம் உத்தமம். அதற்குச் சற்றுக் குறைந்த இடங்களிலும் கோடையில் நீர் பாய்ச்சிப் பயிர் செய்யலாம். மக்குச் சத்து மிகுந்த, இளக்கமான செம்மண்ணும் செம்புறை மண்ணும் ஏற்றவை.

இப்பயிர் மழையை விரும்பும் விதம் கவனிக்கத்தக்கது. மழை தொடங்கியதும் புதுத் தளிரும் அதனுடன் பூச்சரமும் வெளிப்படுகின்றன. சரத்தின்மேல் வழியும் மழைத்துளிகளே மகரந்தத்தைப் பூவுக்குப் பூ கொண்டு சேர்ப்பதில் பெரும் உதவி புரிகின்றன. பூக்கும் பருவத்தில் மழை பல நாள் விட்டுப்போனால் சரங்கள் உதிர்ந்துவிடும். ஆகவே கொடியின் மேலே மழை வேண்டும். ஆனால் அதே நீர் வேரடியில் ஒரு நாளும் தேங்கி நிற்கலாகாது. இவ்விரண்டையும் ஒருங்கே மனத்திற்கொண்டு நிலத்தைத் தெரிந்தெடுப்பவரே மிளகுப் பயிரில் ஜெயம் பெறுவர்.

லேசான சரிவுள்ள நிலமே மேலானது. அதிலும் வடக்கு, வடகிழக்கு நோக்கிய சரிவுகள் நல்லவை. தெற்கும் மேற்கும் நோக்கிய சரிவுகளில் கோடை வெயில் கடுமையாகத் தாக்கி இளங்கொடியைக் கருக்கிவிடும். பள்ளத்தாக்கின் அடித்தளமும், களிமண் தரையும், ஓடை பெருகும்போது நீர் ஏறும் இடமும் விலக்கத்தக்கவை.

இரகங்கள்

நாட்டு இரகங்களில் கரிமுண்டா எங்கும் பரவியது. ஓரளவு நிழலையும் தாங்கும். மலையின் உயர்ந்த பகுதிகளுக்கு ஐம்பிரியன் பொருந்தும். கேரளத்துப் பன்னியூர் ஆராய்ச்சி நிலையத்தில் உதிரங்கோட்டா என்னும் கொடியையும் செரியகணியக்காடன் என்னும் கொடியையும் இணைத்து உண்டாக்கிய பன்னியூர்-1, நீண்ட சரங்களையுடைய கலப்பின இரகமாகும். ஆனால் இதற்கு வெளிச்சம் அவசியம். அடர்ந்த நிழலில் நட்டுவிட்டு, "காய்க்கவில்லை" என்று இரகத்தின்மேல் குறை கூறுவதில் நியாயமில்லை. கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்ட சக்தி, தேவம் என்னும் இரகங்கள் வாடல் வியாதியை ஓரளவு தாங்கக்கூடியவை. ஓரளவு என்றதைக் கவனிக்க வேண்டும். வடிகால் இல்லாத நிலத்தில் எந்த இரகமும் நெடுநாள் நிலைக்காது.

படர்மரங்கள்

கொடி ஏறுவதற்குக் கல்யாண முருங்கை, கிளைரிசிடியா, சில்வர் ஓக், பலா, மா, கமுகு, தென்னை முதலியவற்றை உபயோகிக்கலாம். கல்யாண முருங்கைப் போத்துக்களைப் பங்குனி, சித்திரையில் வெட்டி, நிழலில் அடுக்கிவைத்து, துளிர்விடத் தொடங்கியதும் முதல் மழையில் நடுவது வழக்கம். 2005-ஆம் ஆண்டு முதல் இம்மரத்தின் இலையிலும் தளிரிலும் முடிச்சுக்களை உண்டாக்கும் ஒருவகைச் சிறு குளவி தென்னிந்தியாவில் பரவி, பல தோட்டங்களில் படர்மரமே பட்டுப்போயிற்று. ஆதலால் ஒரே வகை மரத்தை நம்பியிராமல் இரண்டு மூன்று வகைகளைக் கலந்து நடுவது விவேகம். சில்வர் ஓக் மரத்தைச் சில வருஷம் முன்னதாகவே நட்டுத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

தனிப்பயிராகச் செய்யுமிடத்தில் மரத்திற்கு மரம் பத்தடி இடைவெளி விட்டால் ஏக்கருக்குச் சுமார் 435 மரங்கள் நிற்கும்.

நாற்று உண்டாக்குதல்

மிளகுக் கொடியில் மூவகைத் தண்டுகள் உண்டு. மரத்தைப் பற்றி மேலேறும் தாய்த்தண்டு ஒன்று; பக்கவாட்டில் நீண்டு சரம் விடும் காய்க்கிளை மற்றொன்று; அடியிலிருந்து கிளம்பித் தரையில் ஓடும் ஓடுகொடி மூன்றாவது. நாற்றுக்கு ஓடுகொடியே ஏற்றது. காய்க்கிளையை வெட்டி நட்டால் அது மேலே ஏறாமல் செடிபோல் புதராகவே நிற்கும். வீட்டு முற்றத்தில் தொட்டியில் வளர்ப்பதற்கு அது உதவுமேயன்றித் தோப்புக்கு உதவாது.

ஐந்து முதல் பன்னிரண்டு வயதுள்ள, வருஷந்தோறும் தவறாது காய்க்கும், வியாதியற்ற கொடிகளை அறுவடையின்போதே அடையாளமிட்டுக்கொள்க. அவற்றின் ஓடுகொடிகள் தரையில் வேரூன்றாதபடி ஒரு குச்சியை நட்டு அதில் சுற்றிவைக்க வேண்டும். மாசி மாதத்தில் அவற்றை அறுத்து, மிக இளசான நுனியையும் மிக முற்றிய அடியையும் தள்ளி, நடுப்பகுதியை இரண்டு மூன்று கணுக்களுள்ள துண்டுகளாக நறுக்குக. இலைகளைக் காம்பு நிற்கும்படி கிள்ளிவிட்டு, மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு எரு ஒரு பங்கு கலந்து நிரப்பிய பைகளில் நட்டு, நிழலில் வைத்து நீர் தெளித்து வந்தால், தென்மேற்குப் பருவமழை தொடங்கும் சமயத்தில் நாற்று தயாராகிவிடும்.

வியாதி கண்ட தோட்டத்திலிருந்து கொடியோ, மண்ணோ, பையோ கொண்டுவரலாகாது. விலை மலிவென்று எங்கிருந்தோ வாங்கிய நாற்றோடு வியாதியையும் விலை கொடுத்து வாங்கியவர்கள் உண்டு.

நடவும் பராமரிப்பும்

படர்மரத்தின் வடபுறத்தில், மரத்திலிருந்து ஓரடி தள்ளி, ஒன்றரை அடி நீள அகல ஆழமுள்ள குழி எடுக்க வேண்டும். வடபுறத்தில் நடுவது, தென்திசை வெயில் இளங்கொடியின்மேல் நேரே படாமல் மரம் மறைப்பதற்காகவே. குழியை மேல்மண்ணும் 5 கிலோ மக்கிய எருவும் 150 கிராம் ராக் பாஸ்பேட்டும் கொண்டு நிரப்பி, ஆனி, ஆடியில் குழிக்கு இரண்டு அல்லது மூன்று நாற்றுக்களை நடுக. நட்ட பிறகு அடியில் மண்ணைச் சற்று உயர்த்தி அணைக்க வேண்டுமேயன்றிப் பாத்திபோல் குழித்து வைக்கலாகாது.

கொடி வளர வளர அதனை மரத்தோடு தளர்வாகக் கட்டிவர வேண்டும். முதல் இரண்டு கோடைகளில் தென்னங்கீற்று அல்லது பாக்கு மட்டையால் நிழல் செய்து சிறிது நீர் விடுதல் அவசியம். ஒவ்வொரு வருஷமும் மழைக்குமுன் படர்மரத்தின் கிளைகளைக் கழித்துவிட்டால் வெளிச்சமும் காற்றும் உட்புகும். கொடி இருபது அடிக்குமேல் போகாதபடி தடுத்துக்கொண்டால் பறிப்பதற்கு எளிது.

எருவிடுதல்

மூன்று வயதிற்கு மேற்பட்ட கொடி ஒன்றுக்கு வருஷத்தில் 10 கிலோ தொழு எருவோடு, தழைச்சத்து 100 கிராம், மணிச்சத்து 40 கிராம், சாம்பல் சத்து 140 கிராம் தேவை. இது சுமார் 220 கிராம் யூரியா, 250 கிராம் சூப்பர் பாஸ்பேட், 235 கிராம் மியூரியேட் ஆப் பொட்டாஷ் ஆகும். இதனை இரண்டாகப் பிரித்து வைகாசி, ஆனியில் ஒரு பாதியும், புரட்டாசியில் மறு பாதியும் இடுக. முதல் வருஷக் கொடிக்கு இதில் மூன்றில் ஒரு பங்கும், இரண்டாம் வருஷத்திற்கு மூன்றில் இரண்டு பங்கும் போதும். கொடியிலிருந்து ஓரடி தள்ளி அரைவட்டமாகத் தூவி மண்ணால் மூட வேண்டும். வேரின்மேல் நேரே படலாகாது. இரண்டு வருஷத்திற்கு ஒருமுறை கோடை மழையில் கொடிக்கு அரை கிலோ சுண்ணாம்பு இடுவது புளிப்பு மண்ணுக்கு நல்லது. மண் பரிசோதனை செய்து அதன்படி அளவைக் கூட்டிக் குறைத்துக்கொள்வது எல்லாவற்றினும் சிறந்தது.

வாடல் வியாதி

இனி முன்னர் கூறிய கேள்விக்கு வருவோம். திடீரெனக் கொடியைக் கொல்லும் இவ்வியாதிக்குக் காரணம் பைட்டாப்தோரா என்னும் நுண்ணுயிர். இது மண்ணிலும் இறந்த வேரிலும் தங்கியிருந்து, மழை பெய்து மண் ஊறியதும் விழித்துக்கொள்ளும். இதன் வித்துக்கள் நீரில் நீந்திச் செல்லும் தன்மையுடையவை. இந்த ஒரு விஷயத்தை அறிந்துகொண்டால் வியாதியின் போக்கு முழுவதும் விளங்கிவிடும். நீர் தேங்குமிடத்தில் அவை பெருகும். நீர் ஓடும் வழியே அவையும் போகும்.

மழைத்துளி தரையில் விழுந்து தெறிக்கும்போது மண்ணோடு வித்துக்களும் அடியிலைகளில் படிகின்றன. ஆதலால் முதலில் தரையை ஒட்டிய இலைகளில், சிதைந்த ஓரமுள்ள கரும்புள்ளிகள் தோன்றும். புள்ளி விரைவில் பெரிதாகி இலை உதிரும். வியாதி தரைமட்டத்திலுள்ள அடித்தண்டைப் பற்றினால் பட்டை கருத்து அழுகி, கொடி முழுவதும் தொங்கி, இலையும் சரமும் கொட்டி, கிளைகள் கணுக்கணுவாக ஒடிந்து விழும். சில கொடிகளில் வேர்மட்டும் அழுகியிருக்கும். மழைக்காலத்தில் ஒன்றும் தெரியாது. மழை விட்டு வெயில் வந்த பின்னரே வாட்டம் தோன்றும்.

இங்கேதான் குடியானவர் ஏமாந்துபோகிறார். சில வருஷங்களுக்கு முன் ஒரு மலைக்கிராமத்தில் அடுத்தடுத்த இரண்டு தோட்டங்களைப் பார்வையிட நேர்ந்தது. கீழ்த்தோட்டத்தின் சொந்தக்காரர் உழைப்பாளி. மழை விட்டபின் கொடி வாடக் கண்டு, தாகத்தால் வாடுகிறது என்று எண்ணி, ஒவ்வொரு கொடியைச் சுற்றியும் பாத்தி எடுத்துக் குடம் குடமாக நீர் வார்த்திருந்தார். கொடிகள் மேலும் விரைவாக மாண்டன. நான் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தபோது, பட்ட கொடிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இராமல், மேல்தோட்டத்து எல்லையிலிருந்து கீழே ஓடைவரை ஒரே கோடாக நிற்பதைக் கண்டேன். அது மழைநீர் வழிந்தோடிய தடம். மேல்தோட்டத்தில் இரண்டு வருஷத்திற்கு முன் செத்த கொடிகள் பிடுங்கப்படாமல் மரத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தன. அவ்வேரிலிருந்த வியாதியை நீரே கீழே கொண்டுவந்து சேர்த்தது. அந்தப் பெரியவர் வெகுநேரம் பேசாதிருந்து, "நானே என் கையால் நஞ்சு வார்த்தேனே" என்றார். அறியாமல் செய்ததற்கு அவரைக் குறை கூற யாருக்கும் மனம் வராது. ஆனால் அறிந்த பின்னர் அதே தவறு நிகழலாகாது.

தடுக்கும் முறை

வந்தபின் தீர்ப்பது அரிது. வருமுன் காப்பதே முறை. வரிசையாகச் செய்ய வேண்டியவை பின்வருமாறு:

1. சித்திரையிலேயே பட்ட கொடிகளை வேரோடு தோண்டி எடுத்து, தோட்டத்திற்கு வெளியே கொளுத்திவிடுக. அக்குழியில் உடனே மறுநடவு செய்யலாகாது.

2. மழைக்குமுன் சரிவின் குறுக்கே வாய்க்கால் எடுத்து, மேலிருந்து வரும் நீரைத் தோட்டத்திற்குள் புகாமல் பக்கத்தில் திருப்பிவிடுக. கோடையில் நீர் விட எடுத்த பாத்திகளை மண் நிரப்பி மேடாக்குக.

3. தரையில் புரளும் ஓடுகொடிகளை நறுக்கிவிடுக. அல்லது மரத்தில் கட்டுக. அடியில் சருகு மூடாக்கு இட்டால் மண் தெறிப்பது குறையும். மழைக்காலத்தில் கொடியடியைக் கொத்தலாகாது. காயம்பட்ட வேரே வியாதிக்கு வாசலாகும். களையை அரிவாளால் அறுத்துவிடுவதே போதும்.

4. பருவமழைக்கு முன்பு ஒருமுறையும், ஆவணி, புரட்டாசியில் மறுமுறையும் ஒரு சதவீத போர்டோக் கலவையை இலைகளின் இருபுறமும் நனையத் தெளிக்குக. அடித்தண்டைச் சுற்றிய மண்ணில் லிட்டருக்கு 2 கிராம் வீதம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கரைத்த நீரைக் கொடிக்கு 5 முதல் 10 லிட்டர் ஊற்றுக. வடகிழக்குப் பருவமழை மிகுதியாகப் பெறும் மலைகளில் இரண்டாம் தெளிப்பு மிகவும் முக்கியம், அதனைத் தவறவிடலாகாது.

5. டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூசணத்தில் 50 கிராமை, ஒரு கிலோ வேப்பம்பிண்ணாக்கோடும் மக்கிய எருவோடும் கலந்து கொடியடியில் இடலாம். ஆனால் தாமிர மருந்தை மண்ணில் ஊற்றும் சமயத்திலேயே இதனை இடலாகாது. இரண்டிற்கும் இடையே சில வாரங்கள் கழிய வேண்டும்.

போர்டோக் கலவை செய்ய, 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை வேறு 50 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து வடிகட்டுக. மண், மரம் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே உபயோகிக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் மெல்ல ஊற்றிக் கலக்குக. பின்பு பளபளப்பாகத் தீட்டிய கத்தியைக் கலவையில் சிறிது நேரம் வைத்தெடுத்துப் பார்க்க வேண்டும். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிகுதி என்று பொருள். இன்னும் சிறிது சுண்ணாம்பு நீர் சேர்த்தல் அவசியம். கலவையைச் செய்த அன்றே உபயோகித்துவிட வேண்டும்.

ஆரம்பப் புள்ளிகள் கண்டவுடன் மெட்டலாக்சில்-மாங்கோசெப் சேர்ந்த மருந்தை லிட்டருக்கு 1.25 கிராம் வீதம் தெளிக்கலாம். அடித்தண்டு அழுகிய கொடியை எம்மருந்தும் மீட்காது. அதனை எடுத்துவிட்டு அடுத்த கொடியைக் காப்பதே புத்தி.

கொடி மெல்ல மஞ்சளித்து, மழையில் தேறி, மறுபடி மஞ்சளித்துச் சில வருஷங்களில் நலிந்தால் அது வேறு வியாதி. வேரைத் தாக்கும் நூற்புழுக்கள் அதற்கு முக்கிய காரணம். வேப்பம்பிண்ணாக்கு இடுவது அதற்கு அனுகூலம். மிளகு மணிக்குள் துளைத்து உள்ளீட்டைத் தின்று பொக்காக்கும் பொள்ளு வண்டுக்கு, நிழலைக் குறைத்து, ஆடியிலும் ஐப்பசியிலும் வேப்பெண்ணெய் சேர்ந்த மருந்தைச் சரங்கள் நனையத் தெளிக்க வேண்டும்.

அறுவடையும் பதப்படுத்தலும்

பூத்த ஆறு முதல் எட்டு மாதத்தில் மணி முற்றும். தாழ்ந்த இடங்களில் கார்த்திகை முதலும், மலைகளில் தை முதலும் பறிப்பு நடைபெறும். சரத்தில் ஒன்றிரண்டு மணிகள் சிவந்ததும் பறிக்க வேண்டும். உதிர்த்த மணிகளைக் கூடையிலிட்டுக் கொதிநீரில் ஒரு நிமிஷம் அமிழ்த்தி எடுத்தால் விரைவில் உலர்வதோடு ஒரே சீரான கருமை நிறமும் பெறும். சாணமிட்ட தரையில் உலர்த்துவது முற்காலத்து வழக்கம். அதனால் கிருமிகள் படிந்து சரக்கின் தரம் கெடும். ஆகையால் சுத்தமான சிமெண்டுக் களத்திலோ விரிப்பிலோ உலர்த்துக. நூறு கிலோ பச்சை மிளகுக்குச் சுமார் 33 கிலோ உலர்ந்த மிளகு கிடைக்கும்.

கிராம அதிகாரிகளுக்கு

இவ்வியாதி எல்லைக்கல்லை அறியாது. ஒருவர் தோட்டத்தில் கவனியாமல் விட்ட பட்ட கொடி, கீழேயுள்ள பத்துப் பேருடைய தோட்டங்களுக்குக் கேடாகும். ஆகவே மழைக்கு முன்பே ஊரிலுள்ள மிளகுத் தோட்டக்காரர்களைக் கூட்டி, பட்ட கொடிகளை எல்லோரும் ஒரே வாரத்தில் அகற்றுமாறும், பொது வடிகாலைச் சேர்ந்து தூர் வாருமாறும் செய்வது கிராம அதிகாரிகளால் ஆகக்கூடிய பெரிய உதவியாகும். முன் கூறிய கிராமத்தில் மேல்தோட்டத்தாரும் கீழ்த்தோட்டத்தாரும் வழக்காடும் நிலையிலிருந்தனர். கிராம அதிகாரி இருவரையும் எல்லையில் நிறுத்தி, நீர் போன தடத்தைக் காட்டிப் பேசிய பின், இருவரும் சேர்ந்தே புதுக் கால்வாய் எடுத்தார்கள். அடுத்த மழையிலும் சில கொடிகள் பட்டன. ஆனால் கோடாகப் படவில்லை.

மிளகுக் கொடி நம்மிடம் வேண்டுவது அதிகமில்லை. ஏற ஒரு மரம், தலைக்குமேல் மழை, காலடியில் வடிந்த மண் ஆகிய இம்மூன்றும் போதும். இவற்றில் முதலிரண்டையும் மலை தானே தருகிறது. மூன்றாவது மட்டும் குடியானவரின் மண்வெட்டியால் ஆகவேண்டியது. அதனை மழைக்குமுன் செய்து முடிப்பவர்களின் கொடி நெடுங்காலம் நின்று பலன் தரும் என்பது திண்ணம்.